கமாண்டோ கதிரேசனுக்கு ஓட்டெடுப்பு

“ஜனவரி 19, திங்கள். இன்றைய தவறு: மனுவில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘கமாண்டோ கதிரேசன்’ என்று தட்டச்சு செய்துவிட்டேன். தான் கமாண்டோ இல்லை என்று சொல்வதற்காக அவர் கொடுக்கும் மனு அது. சின்னத் தவறுதான்.”

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்தெருவில் மாலை வகுப்பு தொடங்குமுன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிய வைதேகி, ‘சின்ன’ என்பதை அடித்தாள். அடித்தது சரியா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். அலுவலக நிர்வாகம் படிக்கிற பெண். அன்று செய்த தவறையும் மறுநாள் செய்ய வேண்டிய வேலையையும் எழுதாவிட்டால் அவளுக்குப் பொழுது முடிந்த மாதிரியே இருக்காது.

பகலில் அவள் கோபாலபுரத்தில், ‘பாரிஜாதம்’ அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் குமாஸ்தா. கதிரேசன் அங்கே வாட்ச்மேன். ஊரூர் குப்பத்துக்காரர், ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுப்பே பற்றாத பனிமலை முகாமில் ஒரு கம்பெனி வீரர்கள் அத்தனை பேருக்கும் வேளை தவறாமல் சூடாகச் சோறு போட்டதற்குப் பாராட்டு அட்டை வாங்கியவர்.

ஆனால் ஓய்வின்போது ராணுவம் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் வேறு கதை சொன்னது. பயிற்சி என்ற இடத்தில் கமாண்டோ பயிற்சி. விருது என்ற இடத்தில் துப்பாக்கிச் சண்டையில் காட்டிய வீரத்துக்கான பதக்கம். அதே பிரிவில் மதுரைப் பக்கத்து கதிரேசன் ஒருவரும் இருந்தார். யாரோ ஓர் எழுத்தர் இருவர் விவரத்தையும் இடம் மாற்றிப் பதிந்துவிட்டார். ஊருக்கு ரயில் ஏறும் அவசரத்தில் இவர் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் கமாண்டோ இப்போது எங்கே யாருக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

வாட்ச்மேன் வேலை கேட்டு வந்த அன்று புத்தகத்தை முதலில் பிரித்துப் படித்தவர் சங்கச் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன்.

“சார், நான் குக்கு சார்,” என்று அன்றைக்கே கதிரேசன் சொன்னார்.

“பாத்தேளா அடக்கத்தை! கமாண்டோன்னா ரகசியத்தை வெளியில சொல்லப்படாது. அவாளுக்கு டிரெய்னிங்கே அப்படித்தான்,” என்று செயலாளர் பூரித்துப்போனார்.

மறுவாரமே வாசலில் பலகை வந்தது: ‘கமாண்டோ பாதுகாப்பில் உள்ள வளாகம்.’ அதைக் காட்டியே வாடகையை ஏற்றினார்கள். மூன்றாம் மாடி ஜெயலக்ஷ்மி, அமெரிக்காவிலிருக்கும் மகன் பரத்வாஜுக்கு வீடியோவில் கதிரேசனைக் காட்டி சல்யூட் அடிக்கச் சொன்னார். கதிரேசனுக்கு நாய் என்றால் குலைநடுக்கம். இரண்டாம் மாடிக் குட்டி நாய் வாக்கிங் வந்தால் ஸ்டூல்மேல் ஏறி நின்றுவிடுவார். “உசரத்துலேர்ந்து நோட்டம் விடறார் பாருங்கோ,” என்பார் ஜெயலக்ஷ்மி. முதல் வருடம் கதிரேசனுக்கும் இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. சல்யூட் யாருக்குத்தான் கசக்கும்?

இப்போது கசந்தது. அடையாறில் ஒரு பயிற்சி விடுதிக்குத் தலைமைச் சமையல்காரர் வேலைக்கு முன்னாள் ராணுவத்தினரைக் கேட்டிருந்தார்கள். புத்தகத்தில் சமையல் பயிற்சி இருக்க வேண்டும். அல்லது திருத்தத்துக்கு மனு ஏற்கப்பட்டதற்கான ரசீதாவது வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் வேலை வேறொருவருக்கு.

செவ்வாய்க்கிழமை வைதேகி பெயரைத் திருத்திய மனுவோடு அவரை அழைத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சுந்தரவல்லி என்ற கண்காணிப்பாளர் மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பதக்கத்தைச் சேருங்கன்னு வருவாங்க. எடுங்கன்னு வந்த மொத ஆள் நீங்கதான். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. உங்ககிட்ட சோறா கேக்குது?”

“அது கேக்கல மேடம். என்னைத்தான் சோறாக்க வுட மாட்டேங்குது.”

சுந்தரவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு பாராட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். படை எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க் கறை.

“நம்பரே தெரியலையே.”

“சமையல்காரன் கைல குட்த்த அட்டை மேடம். வேற எப்டி இருக்கும்?”

“அது எனக்குப் புரியுது, ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குப் புரியணுமே. சரி, ஒண்ணு செய்யுங்க. இப்ப வேலை பாக்கிற இடத்துல, இவர் கமாண்டோ இல்ல, சமையல்காரர்னு தெரிஞ்ச பொறுப்பான ஆள் கையெழுத்துப் போட்டு, சீல் வச்ச காகிதம் கொண்டாங்க. எந்த வடிவத்துல இருந்தாலும் சரி. அன்னிக்கே ரசீது தர்றேன்.”

செயலாளர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். தானாக முடிவெடுக்க முடியாதாம். பொதுக்குழு கூட வேண்டுமாம். பாரிஜாதத்தில் அதுதான் வழக்கம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வாங்குவதிலிருந்து கொலுவுக்கு எந்தச் சுண்டல் என்பது வரை எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு உண்டு.

புதன்கிழமை பிற்பகல் கீழ்த்தளக் கூடத்தில் பொதுக்குழு கூடியது. கதிரேசன் உறுப்பினர் இல்லை என்பதால் லிஃப்ட் பக்கத்தில் நிற்கவைக்கப்பட்டார். ‘கதிரேசன் கமாண்டோவா, சமையல்காரரா’ என்பது பொருள். வைதேகி குறிப்பெடுத்தாள்.

“இருபத்தாறாந்தேதி கொடியேத்தறச்சே கமாண்டோதான் கயித்தைப் பிடிப்பார்னு இன்விடேஷன் அடிச்சாச்சு,” என்றார் ஜெயலக்ஷ்மி. “இப்போ போய் குக்குன்னா, பக்கத்து பில்டிங்காரா சிரிக்க மாட்டாளா?”

தரைத்தளத்தில் பாட்டு சொல்லித்தரும் ஹம்சினி எழுந்தார். “ஒருத்தர் என்ன வேலை செஞ்சார்ங்கறதை நாம எப்படி ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கறது?”

“அதைத் தீர்மானிக்கலாமா கூடாதாங்கறதுக்கும் தனியா ஒரு ஓட்டு எடுத்துடலாமே,” என்றார் செயலாளர். ஹம்சினி உட்கார்ந்துவிட்டார்.

பிறகு செயலாளர் பேசினார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மைக் இல்லாமலேயே மைக் பிடித்த மாதிரி பேசுவார்.

“அன்பர்களே! கதிரேசன் சமையல்காரர்தான். எனக்குத் தெரியாதா? புயல்ல கரண்ட் போய் நாமெல்லாம் தவிச்சுண்டிருந்தப்போ, ஜெனரேட்டர் ரூம்ல அடுப்பு மூட்டி மூணு வேளையும் போட்டாரே, அந்த ரசத்துக்கு என் வயிறே சாட்சி! கமாண்டோ எவனுக்காவது அப்படி ஒரு ரசம் வருமா? ஆனா உண்மைங்கறது வேற, வளாகத்தோட கௌரவங்கறது வேற!”

கைகள் உயர்ந்தன. கமாண்டோ கட்சிக்குப் பதினொன்று. சமையல் கட்சிக்கு மூன்று. இரண்டாம் மாடி நாய்க்காரர் நடுநிலை வகித்தார்.

வெளியே வந்த வைதேகியின் முகத்தைப் பார்த்ததுமே கதிரேசன் சிரித்தார். “இன்னாமா, தோத்துட்டனா?”

“இல்லண்ணா. ஜெயிச்சுட்டீங்க. நீங்க கமாண்டோன்னு தீர்மானம் போட்டுட்டாங்க.”

“அடப் பாவமே. சர்வீஸ் பூரா கரண்டி புட்ச்சவனுக்கு அரைமணில கமாண்டோ டிரெய்னிங் குட்த்துட்டாங்களா? ஆர்மிலகூட இவ்ளோ ஸ்பீடு கெடையாது.” சொல்லிவிட்டு லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப அடையாறு வேல அவ்ளோதான்.”

வைதேகி கையிலிருந்த குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பேச்சு மட்டும் ஒரு சொல் விடாமல் பதிவாக வேண்டும் என்பது செயலாளரின் நிலையான உத்தரவு. ஒருமுறை கழிவுநீர்க் குழாயைப் பற்றி அவர் ஆற்றிய உரையை அவள் ஒரே வரியில் சுருக்கிவிட்டு, முழுவதையும் திருப்பி அடிக்க நேர்ந்தது.

வியாழக்கிழமை காலை கூட்டக் குறிப்பை அடித்து அவர் முன் வைத்தாள். மனசு கேட்கவில்லை, கேட்டும்விட்டாள். “சார், ‘கதிரேசன் சமையல்காரர்தான்’னு ஒரு வரி வருது. அது இருக்கணுமா? நாளைக்கு இதை யார் வேணா பாக்கலாம்.”

“இருக்கணுமாவா? பேச்சோட உயிரே அதானேம்மா!” செயலாளர் பேனாவைத் திறந்தார். ‘சமையல்காரர்தான்’ என்பதற்கு முன்னால் ‘ஐயத்துக்கிடமின்றி’ என்று சேர்த்தார். ரசத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘பலத்த கைதட்டல்’ என்று எழுதினார். திருப்பி அடித்த பிரதியை உரக்க ஒருமுறை படித்து ரசித்துவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரையையும் தன் கையாலேயே குத்தினார். “நோட்டீஸ் போர்டுல ஒண்ணு ஒட்டிடு. யார் கேட்டாலும் காப்பி குடு. ஜனங்க படிக்கட்டும்.”

முதலில் கேட்டவர் கதிரேசன். வைதேகி ஏட்டில் பதிந்துகொண்டு கொடுத்தாள். அவர் அந்த வரியைத் தேடிப் படித்து, ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “எம்மா, நான் சொன்னா நம்பல. அவரே சொல்லிக்கீறாரே, சீல் வச்சு!”

அன்று மாலை வகுப்பில் வைதேகி நாட்குறிப்பைத் திறந்தாள்.

“ஜனவரி 22, வியாழன். இன்றைய தவறு: ‘பலத்த கைதட்டல்’ என்று சேர்த்ததை நான் தடுக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை.

நாளை: கதிரேசன் அண்ணாவுடன் போய் சுந்தரவல்லி மேடத்திடம் மனு, பாராட்டு அட்டை, கூட்டக் குறிப்பின் நகல் மூன்றையும் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அங்கிருந்து நேராக அடையாறு. கிளம்புமுன் மனுவில் பெயரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.”