இழுவை

இழுத்துவிட்டாள், பாவி. அப்படித்தான் குறித்தேன். பியானோப் போட்டியின் கடைசிச் சுற்று. மிஞ்சியது இரண்டே பேர். இருவருக்கும் ஒரே மெதுவான பகுதி. காலையில் வாசித்த பையன் சுகமாக வாசித்தான். மதியம் இவள். ஒரு சுரத்துக்கு அடுத்த சுரம் வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேசைக்கடியில் கால் தானாக ஆடியது. வயது வரம்புப்படி இவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, தெரியும். அதற்காக மார்க்கை அள்ளிக் கொடுக்க முடியுமா?

நடுவர் அறையில் தலைவி, நான், 'கடிகாரம்'. வாசிப்பவரின் வேகத்தை ஃபோனில் அளக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் அந்தப் பெயர்.

"என்னா இழுவை! சவ ஊர்வலம் தோத்துச்சு," என்றேன்.

"எது இழுவை?" கடிகாரம் ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "ரெண்டு பேரும் ஒரே வேகம். எனக்குப் பையன் வாசிச்சதுதான் பிடிச்சிருக்கு. ஆனா வேகத்துல குறை சொல்லாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் நடந்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை பேசினாள். "என் கட்டிய டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்கக்கா. சாயங்காலம் சொல்வாங்களாம்." அதிலிருந்து நான் நானாக இல்லை. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். நாடி தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஓட்டத்தை வைத்தா அவளை அளந்தேன்? அநியாயம்!

"அந்தப் பொண்ணு வாசிச்சத நான் கேக்கவே இல்லங்க. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்க," என்றேன் தலைவியிடம்.

அவருக்கு இவளைத்தான் பிடித்திருந்தது. ஒரு நடுவர் கேட்டால் மறுநாள் இருவரும் மறுபடி வாசிக்க விதி இருக்கிறது. காரணத்தோடு அறிவிப்பு ஒட்ட வேண்டும். 'வேகம் குறித்து ஐயம்' என்று ஒட்டிவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. நான் கிளம்பும்போது அவள் அறிவிப்பின் அருகே, ஜன்னல் விளிம்பில் அதே பகுதியை விரல்களால் தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டமும் நடையுமாக.

"ரொம்ப மெதுவா போயிட்டேன் போல. நாளைக்கு ஏத்திடறேன்," என்றாள் பக்கத்தில் நின்ற தன் கணவரிடம்.

போட்டி முடியும்வரை நடுவர் போட்டியாளரிடம் பேசக் கூடாது. பேசினால் நாற்காலி போய்விடும். எங்கே கேட்டது என் வாய்?

"ஏத்தாதம்மா. இன்னிக்கு வாசிச்ச மாதிரியே வாசி. என் காதுதான் சரியில்ல."

பின்னாலேயே வந்த கடிகாரம் கேட்டுவிட்டார். நேரே தலைவியிடம் போய்ச் சொன்னார்; என் நாற்காலி போனது.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" தலைவி கொதித்தார். "இனி ரெண்டே ஓட்டு. சமமா போனா வயசுல சின்னவங்களுக்குத்தான் பரிசு. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை.

சாயங்காலம் தங்கை பேசினாள். "ஒண்ணுமில்லயாம்க்கா." தெருவென்றும் பாராமல் அழுதேன்.

மறுநாள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவள் வேகத்தை ஏற்றவில்லை. நேற்று நான் இழுவை என்று குறித்த இடத்தில், இடக்கை அழுத்திய அடிச்சுரம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அது அடங்கிய பிறகே வலக்கை தொடங்கியது. நேற்றும் இதைத்தான் செய்திருக்கிறாள். என் கால் அசையவில்லை.

ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. பரிசு பையனுக்கு.

ஓடிவிடலாம் என்று பார்த்தேன். வாசலில் அவள் என்னைப் பிடித்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"இப்பவாவது கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சும்மா," என்றேன். "முழுசா கேட்டுச்சு."