ஏழாவது வரியில் ஒரு சைபர்

பள்ளியில் பொன்னுக்கு வீங்கி பரவத் தொடங்கியதும் தலைமையாசிரியை டாக்டரைக் கூப்பிட்டார். அதே கையோடு என்னையும் கூப்பிட்டார். அங்கே படித்துவிட்டுக் கல்லூரியில் புள்ளியியல் எடுத்த ஒரே ஆள் நான். அதில் ஒரு பேப்பர் இரண்டு முறை போய்விட்டது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லி அவரைச் சிரமப்படுத்தவில்லை.

"தம்பி, மூணாம் வகுப்புல ஏழு பிள்ளைங்களுக்குக் கன்னம் வீங்கியிருக்கு. நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் ஊசி போடச் சொல்றார் டாக்டர். கட்டுப்படியாகுமான்னு நிர்வாகம் கேக்குது. கணக்குப் போட்டுக் குடு."

எங்கள் வீட்டில் ஒரே மேசை. ஒரு பாதியில் என் மடிக்கணினி, மறுபாதியில் அக்காவின் தையல் மெஷின். அக்கா ஒரு கம்பெனிக்குச் சட்டைக் காலர் தைக்கிறாள். காலருக்கு இவ்வளவு என்று கூலி. அவள் மகளும் அதே மூன்றாம் வகுப்புதான். மெஷின் ஓடினால் மேசை ஆடும். நான் ஒரு கட்டத்தில் அடிக்கும் எண் அடுத்த கட்டத்தில் போய் விழும்.

"அக்கா, மெஷினைக் கொஞ்சம் நிறுத்தேன். பத்தே நிமிஷம்."

"நாளைக்கு வண்டி வந்துடும்டா. நூத்தி இருபது காலர் குடுக்கணும்."

"பொதுக் காரியமாக்கும்."

"பொதுக் காரியத்துக்கு நம்ம மேசைதான் கிடைச்சுதா?" என்றாள். ஆனால் நிறுத்தினாள்.

அமைதியில் கணக்கு ஓடியது. ஒரு பக்கம் ஊசி, நர்ஸ், ஐஸ் பெட்டி. மறுபக்கம் வைத்தியச் செலவு, மருந்து, இத்யாதி. ஏழாவது வரி: 'பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால் பெற்றோருக்கு ஏற்படும் வேலை இழப்பு.' அப்பாக்கள் எப்படியும் லீவு போடப்போவதில்லை. அம்மாக்கள் வீட்டில் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன இழப்பு? சைபர் போட்டேன்.

"ஓட்டலாமா?" என்று கேட்டாள் அக்கா, மெஷின் சக்கரத்தில் கை வைத்தபடி.

"ஓட்டு, ஓட்டு."

நோயைவிட ஊசிக்கு மூன்று மடங்கு செலவு என்று வந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. என் தாளை என் பெயரோடு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அதில் எனக்கும் கன்னம் கொஞ்சம் உப்பித்தான் இருக்கிறது.

ஒரே மாதத்தில் ஏழு பேர் அறுபத்தொரு பேர் ஆனார்கள். அதில் ஒருத்தி அக்கா மகள்.

"மாமா, உன் போட்டோல இருக்கற மாதிரியே இருக்கேனா?" என்று கேட்டாள், வாயைத் திறக்காமலேயே. திறந்தால் வலிக்கும்.

அக்கா ஒன்பது நாள் கஞ்சியும் ஈரத்துணியுமாக அவள் பக்கத்திலேயே இருந்தாள். மெஷினுக்கு உறை போட்டாயிற்று. கம்பெனி வண்டி இரண்டு முறை வந்து வெறுமனே திரும்பியது. மூன்றாம் முறை அடுத்த தெருவில் வேறொரு வீட்டு வாசலில் நின்றது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு ஏழாவது வரி தெரியாதே.

எனக்குத் தெரியும். ஏழாவது வரியில் ஒரு தோராயக் கூலியைப் போட்டுப் பார்த்தேன். நோயின் செலவில் பாதிக்குள் ஊசி முடிந்திருக்கும். அதற்குப் பிறகும் இரண்டு நாள் கமுக்கமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் தலைமையாசிரியை போன் செய்தார். "பக்கத்து ஸ்கூல்லயும் மூணு பேருக்கு வந்திருக்காம். உன் கணக்கைக் கேக்கறாங்க. அப்படியே அனுப்பிடட்டுமா, தம்பி?"

அக்கா எதிரில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் மேடம். அது தப்பு. ஏழாவது வரி."

"அப்போ நம்ம பிள்ளைங்களுக்குப் போட்டிருக்கலாமா?"

"போட்டிருக்கலாம்."

"டாக்டரும் அதைத்தானேப்பா சொன்னார்," என்றார். "சரி, பலகையில நீயே வந்து மாத்திடு."

போனை வைத்ததும் அக்கா கேட்டாள். "எதுடா தப்பு?"

கணினியை அவள் பக்கம் திருப்பினேன். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து ஏழில் நின்றாள்.

"வேலை இழப்பு சைபரா? யாருக்கு?"

"உனக்குத்தான்."

உறை போட்ட மெஷினைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சல்லிசாக முடிந்திருக்கும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, எழுது. ஒன்பது நாள். ஒரு நாளைக்கு நூத்தி இருபது காலர்."

எழுதினேன். இந்த முறை மேசை ஆடவே இல்லை.

"அதோட," என்றாள், "அன்னைக்கு நிறுத்தின பத்து நிமிஷத்தையும் சேத்துக்கோ."