தங்கம் வேண்டாமென்ற சம்பந்தி

உறுவையாற்றுச் சிவப்பிரகாசத்துக்கு நிலம் நிறைய இருந்தது. அதைவிட அதிகமாக, ஊரில் யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. கிராமபோன் முதலில் வந்தது அவர் வீட்டுக்குத்தான். பாட ஒரே ஒரு தட்டு, அதிலும் கீறல். பாடாவிட்டால் என்ன, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அதைக் கூடத்தில் நிறுத்தியிருந்தார்.

மூத்த மகன் மணவாளன் சைகோனில் ஒரு பண்டகசாலையில் எழுத்தராக இருந்தவன். சண்டை முடிந்தபின் ஒரு தொப்பியோடும் ஒரு கட்டுப் பிரெஞ்சுப் பத்திரிகைகளோடும் ஊர் திரும்பினான். அவனுக்குக் கரையாம்புத்தூரில் கரும்பு போடும் குழந்தைவேலின் மகள் வேலம்மாளைப் பேசியிருந்தார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்பு ஒருநாள், சாப்பிடும்போது சிவப்பிரகாசம் ஆரம்பித்தார்.

"வில்லியனூர் பலராமன் மருமவளுக்குக் கழுத்தே தெரியலயாம், அவ்வளவு பவுனு. அத விட கூட கேக்கணும்."

"பவுனெல்லாம் பழைய காலத்துச் சாமான்பா," என்றான் மணவாளன். "மண்ணுல கெடக்குது, எவன் வேணா தோண்டிக்கலாம். இப்ப அமெரிக்காக்காரன் மண்ணுல இல்லாத உலோகத்த அவனே செஞ்சிருக்கான். புளுத்தோனியம்னு பேரு. ஜப்பான்ல ரெண்டாவதா போட்ட குண்டு அதுலதான் செஞ்சாங்க. அது பக்கத்துல வெச்சா பவுனு வெறும் பித்தள."

"பவுன விட ஒசத்தியா?"

"ஒலகம் பூராவும் சேத்தாலும் கொஞ்சந்தான் இருக்கும். ஈயப் பெட்டில மூடி வெக்கணும். தொறந்தா முடி கொட்டிடும், ஒடம்பு கெட்டுடும். பவுனு மாதிரி அப்படியே கெடக்காது. நாளாவ நாளாவ தானா வேற பொருளா மாறிக்கினே இருக்கும்."

ஒசத்தி என்பது வரைக்கும்தான் சிவப்பிரகாசம் கேட்டார். மிச்சத்தை ரசத்தோடு சேர்த்து உறிஞ்சிவிட்டார்.

நிச்சயதார்த்தத்துக்குப் பலராமனைத் தேடிப்போய் அழைத்துக்கொண்டு வந்தார். தாம்பாளம் மாற்றும் நேரத்தில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குப் பவுனு வேணாம். பவுனு எல்லாரும்தான் போடறாங்க. பொண்ணுக்குப் புளுத்தோனியம் குடுத்துடுங்க, போதும்."

மணவாளன் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். அவர் கையைத் தட்டிவிட்டார். குழந்தைவேல் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி கலியம்மாள் கேட்டாள்.

"இன்னா வேணும்ங்கறீங்க?"

"புளுத்தோனியம்."

"புளுத்ததா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது. சிவப்பிரகாசம், அது சீமைப் பெயர் என்றும், படித்தவர்களுக்குத்தான் விளங்கும் என்றும், பவுனைவிட ஒசத்தி என்றும் விளக்கினார். கலியம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி. குடுத்துடறோம். ஆனா பவுனு வேணாங்கறத சபையில இன்னொரு தபா சொல்லிடுங்க."

அவர் முன்னைவிட உரக்கச் சொன்னார். பலராமன் தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

எல்லோரும் போனபின் குழந்தைவேல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எங்கேந்துடி குடுப்ப அத?"

"யாரும் கண்ணால பாக்காத சாமானக் குடுக்கறது சுலபம்," என்றாள் கலியம்மாள். "பவுனக் கேட்டிருந்தாதான் கஷ்டம். கல்லுல ஒரசிப் பாப்பாரு."

ஈயப் பெட்டி, முடி கொட்டுவது என்று மாப்பிள்ளை சாப்பாட்டில் சொன்னதெல்லாம் அந்த வீட்டு வேலைக்காரி வழியாக அவள் காதுக்கு வந்திருந்தது. வீராம்பட்டினத்துக்கு ஆள் அனுப்பி, மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை ஒரு சாக்கு வாங்கினாள். பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர் அவற்றை உருக்கித் பூசணிக்காய் அளவில் ஒரு பெட்டி வார்த்தார். உள்ளே போட வேண்டியதை அவளே போட்டாள். மூடியைச் சுற்றிப் பற்று வைத்து அடைத்தாயிற்று.

ஆனியில் கல்யாணம் நடந்தது. வேலம்மாள் தாலியும் மஞ்சள் கயிறுமாகப் புகுந்த வீட்டுக்கு வந்தாள். பின்னால் இரண்டு பேர் அந்தப் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தார்கள்.

"தொறந்து காட்டுங்களேன், பாப்போம்," என்றார் பலராமன்.

"தாராளமா," என்றாள் கலியம்மாள். "தொறந்தா முடி கொட்டுமாமே. மாப்பிள்ளதான் சொன்னாராம். அவரு சொன்னா தொறந்துடலாம்."

எல்லோரும் மணவாளனைப் பார்த்தார்கள். அந்த உலோகம் கரையாம்புத்தூருக்கு வர வழியே இல்லை என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அப்பாவின் மானம் போகும். தானும் முழுதாகப் படிக்காமல் அளந்தது வெளியே வரும். "வேணாம், தொறக்கக் கூடாது," என்றான். சிவப்பிரகாசம் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

பெட்டி கூடத்தில் கிராமபோனுக்குப் பக்கத்தில் அமர்ந்தது. முதல் வாரம் பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. குண்டு முதல் தானாக மாறுவது வரை மகனிடம் மறுபடி கேட்டுக்கொண்டு, அவர்களிடம் அவர் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னார். இந்தப் பெட்டி வெடித்தால் வில்லியனூர்க் கோபுரம் வரை மிஞ்சாது என்றார். அதுதான் வினையாகப் போயிற்று. இரண்டாம் வாரம் யாரும் வரவில்லை. வண்ணான் துணியைத் தெருவிலேயே வாங்கிக்கொண்டான். வேலைக்காரி காசம்மாள் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினாள். சிவப்பிரகாசத்தின் தலைமுடி கொட்டிவிட்டது என்று பலராமன் ஊர் ஊராகச் சொன்னார். அது கொட்டிப் பல வருடமாயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நம்பினார்கள்.

மணவாளனுக்கே தலைவலி வர ஆரம்பித்தது. இல்லை என்று தெரிந்தும், ஒருவேளை இருந்துவிட்டால் என்ற நினைப்பு அவனை விடவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டான். வேலம்மாள் மட்டும் அந்தப் பெட்டியின்மேல் அரிசிப் படியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

ஆவணியில் நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது ஒருவரும் வரவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் உறுவையாறு கிராமத்தில் குண்டு இருக்கிறது என்ற பேச்சு மேரிக்கு, அதுதான் பிரெஞ்சு அரசாங்கத்தின் கொம்யூன் ஆபீசுக்கு, எட்டிவிட்டது. அங்கிருந்து பிரிகாதியே என்னும் போலீஸ் அதிகாரி இக்னேஷியஸ் வந்தார். வில்லியனூர் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். உள்ளே வராமல் வேலியோரமே நின்றார்.

"அத வெளிய கொண்டாந்து தொறங்க. மேல எடத்து உத்தரவு."

யார் தொடுவது? சிவப்பிரகாசம் மகனைப் பார்த்தார். மகன் ஆகாயத்தைப் பார்த்தான். வேலம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு பெட்டியை உருட்டியபடியே களத்துமேட்டுக்குக் கொண்டுபோனாள். மூன்று கல்லைக் கூட்டி, விறகு வைத்து, பெட்டியை அதன்மேல் ஏற்றித் தீ மூட்டினாள். கூட்டம் பனைமரங்களுக்குப் பின்னால் ஓடியது. இக்னேஷியஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

பற்று உருகி வழிந்தது. வேலம்மாள் கம்பால் தட்ட, மூடி நழுவி விழுந்தது. மெல்லிய புகை கிளம்பிக் காற்றோடு பனைமரம் வரை போனது. பிரிகாதியே மூக்கை உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார்.

"மொச்ச வறுக்கற வாசம் வருதே."

கிட்டே வந்து கம்பால் கிளறினார். மொச்சைதான். தீயும் புழுவும் போக மிச்சம் இருந்தது, கொட்டைக்குக் கொட்டை ஓட்டை.

சிரிப்பு ஒரு மரத்தடியில் தொடங்கி மரத்துக்கு மரம் போனது. சிவப்பிரகாசம் மட்டும் அசையவில்லை. "இதுல சிரிக்க இன்னா இருக்கு?" என்றார். "அது மாறிக்கினே இருக்குற உலோகம். நாளாச்சி, மாறிப்போச்சி. பவுனு மாறுமா? ஒசந்த சாமான்தான் மாறும். கேளுங்க, படிச்ச பையன் இருக்கான்."

பிரிகாதியே மணவாளன் பக்கம் திரும்பினார். "அப்படியாப்பா?"

மணவாளன் மொச்சையை எட்டிப் பார்த்தான். "மாறும்தான். ஆனா மொச்சயா மாறும்னு அந்தப் பத்திரிகைல எழுதல."

மறுநாளே சிவப்பிரகாசம் வண்டி கட்டிக்கொண்டு கரையாம்புத்தூர் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏமாத்திட்டீங்க. எங்களுக்குச் சேர வேண்டிய பவுன எடுத்து வைங்க."

குழந்தைவேல் உள்ளே போய்விட்டார். கலியம்மாள் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"வேணாம்னு சபையில ரெண்டு தபா சொன்னீங்க சம்மந்தி. அவளுக்குன்னு சேத்த பவுன வூட்ல வெச்சிருந்தா திருடன் வருவான்னு, வித்து நெலமா வாங்கிட்டோம். வேலம்மா பேர்ல. நொத்தேர் முன்னால பத்திரத்துல கையெழுத்தாயிடுச்சி."

அவர் பவுன் பேச்சை விட்டுவிட்டார். "எங்க?"

"பாகூர்ல. ஏரிப் பாசனம்."

"மதகுக்குக் கிட்டவா, தூரமா?"

"கிட்டதான்."

அதன்பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

திரும்பும் வழியில் வில்லியனூர்க் கடைத்தெருவில் பலராமனைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "பவுன பொட்டில பூட்டி இன்னா பண்றது? அதான் அன்னிக்கே வேணாம்னேன். இப்ப பாகூர் ஏரித் தண்ணில நமக்கு நெலம். வர்ற பட்டத்துல கரும்பு."

பலராமன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். "நெலம் உங்க பேர்லயா, மருமவ பேர்லயா?"

சிவப்பிரகாசம் மேற்கே பார்த்தார். மழை வரும்போலிருக்கிறது, மாடு நனைந்துவிடும் என்று சொல்லி வண்டியை ஓட்டச் சொன்னார்.