ஊதக் கூடாது

சிற்பி ஹாட்டி லிண்ட்குவிஸ்டுக்குத் தொண்ணூறு வயது ஆனதற்காக டுலூத்தில் எங்கள் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி வைத்தது. இரும்புத் தண்டில் முந்நூறு தகர இலைகளோடு நிற்கும் அவருடைய ‘காற்று’ சிற்பத்தை யாரும் ஊதிவிடாமல் பார்ப்பது என் வேலை. ஒரே வாரத்தில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பிறந்தநாளன்று ஹாட்டியே சக்கர நாற்காலியில் வந்து சிற்பத்தை அண்ணாந்து பார்த்தார். ஓர் இலைகூட அசையவில்லை. இயக்குநர் ப்ரூயிட்டுக்கு வியர்த்துவிட்டது.

“மானத்தை வாங்குதே! லோனி, ஊதுய்யா!”

“நானா? ஊதாதேன்னு சொல்றதுக்குத்தானே சார் சம்பளம்!”

“ஊதுய்யான்னா!”

ஊதினேன். ப்ரூயிட்டும் ஊதினார். மேயரம்மா கன்னம் உப்ப ஊதினார். கேக் தின்ன வந்த நூறு பேரும் சேர்ந்து ஊதினார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. சிற்பம் மட்டும் அசையவே இல்லை.

ஹாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அட மடசாம்பிராணிகளா! ஒவ்வொரு இலையையும் தண்டோட வெல்டிங் பண்ணி வெச்சிருக்கேன், எப்படி அசையும்? எத்தனை பேர் ஊதுறாங்கன்னு பாக்கத்தான் அந்தப் பேரே வெச்சேன். அம்பது வருஷமா ஒருத்தர்கூட ஊதலை.”

பிறகு என் பக்கம் விரலை நீட்டினார்.

“போற ஊரெல்லாம் உன்ன மாதிரி ஒருத்தன் காவலுக்கு நின்னுடுறான்!”