முப்பத்தொன்பதும் நாற்பத்து மூன்றும்

நல்லதம்பியின் முன்னால் நீட்டிய தாளில் மூன்றே வரிதான் இருந்தது. மேல் டிவிஷன் ஏற்றத்தில் ஜீப்பைக் கவனக்குறைவாக ஓட்டிப் பின்னால் உருளவிட்டது என் குற்றம். பதினோரு தேயிலைச் செடி ஒடிந்ததும் என் குற்றம். இனி டிரைவர் வேலை கேட்கமாட்டேன், செடி வெட்டும் கவாத்து வேலைக்குப் போகச் சம்மதம். கீழே அவன் பெயரை டைப் அடித்து, கையெழுத்துக்கு இடமும் விட்டிருந்தார்கள். ஆபீஸ் கணக்கெழுதும் ரைட்டர் பேனா மூடியைக்கூடக் கழற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த கைக்கு அந்த எஸ்டேட் செய்த மரியாதை அவ்வளவுதான்.

"குத்தம் என்னுது இல்லய்யா. அந்த ஜீப்புக்குப் பல்லு பத்தல," என்றான் நல்லதம்பி.

ஆபீஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. சூரியநெல்லிக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் அவரைத் துரை என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வருடம் எழுபத்து மூன்று. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிப் போய் எவ்வளவோ நாளாயிற்று. பட்டம் மட்டும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் வேலையும் கிடையாது, தொழிலாளர் லயத்தில் வீடும் கிடையாது என்று சொல்லிவிட்டுத் துரை எழுந்து போனார். நல்லதம்பி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தக் கையாலேயே சோறு அள்ளித் தின்ன வேண்டுமா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் அது. மேல் டிவிஷனுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோவது அதன் வேலை. மழை பிடித்தால் பாதையின் இருபுறமும் சக்கரத் தடம் பள்ளமாகி, நடுவில் மண் மேடாகி, வண்டியின் வயிறு தட்டும். மூணாறு கிளப்பில் யாரோ சொன்ன யோசனையைக் கேட்டுவந்து, பெரிய டயர் மாட்டுங்கள் என்றார் துரை. மாட்டினார்கள். வயிறு தட்டுவது நின்றது. அதில் துரையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் வளைவில் ஆறு மூட்டை அரிசியோடு ஏறும்போது, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, இருப்பதிலேயே மெதுவான முதல் கியரில் போயும் எஞ்சின் விக்கி விக்கி நின்றது. இரண்டு முறை எப்படியோ சமாளித்தான். மூன்றாம் முறை, பிரேக்கை மிதித்தும் ஈர மண்ணில் வழுக்கி, ஜீப் தேயிலைக்குள் போய் உட்கார்ந்தது.

வாரந்தோறும் புதன்கிழமை மேல் டிவிஷனுக்குப் போகும் டிஸ்பென்சரி நர்ஸ் இன்பமேரி அன்று பின் சீட்டில் இருந்தாள். தப்பு டிரைவர் மேல் இல்லை என்று ஆபீஸில் போய்ச் சொன்னாள். நர்ஸுக்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜீப் மேலே போகவில்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள் சாயங்காலம் கீழே வந்து, அரிசியைத் தலையில் சுமந்துகொண்டு மூன்று மைல் ஏறினார்கள்.

நல்லதம்பி சும்மா இருக்கிற ஆள் இல்லை. எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் ஆறுச்சாமி என்று ஒரு ஃபிட்டர், மீனாட்சிபுரத்துக்காரர். அவரைப் பிடித்துக்கொண்டான். பழைய டயர் ஒன்று மூலையில் கிடந்தது. அதையும் பெரிய டயரையும் சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு சுற்று உருட்டி, சாக்பீஸ் கோடு போட்டு அளந்தார்கள். சின்னது ஒரு சுற்றில் ஏழடி நாலங்குலம் போனது. பெரியது எட்டடி மூன்றங்குலம்.

எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டின் நுனியில் எட்டுப் பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று உண்டு, அது பினியன். அது அச்சுக்குள் இருக்கும் கிரவுன் என்கிற பெரிய பல் சக்கரத்தைச் சுற்றும். இந்த ஜீப்பின் கிரவுனில் முப்பத்தொன்பது பல். அதாவது தண்டு ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்றினால் டயர் ஒரு சுற்று. சின்ன டயருக்கு அந்தக் கணக்கு பொருந்தியது. அதே ஐந்து சுற்றில் பதினோரு அங்குலம் கூடுதலாக ஏறு என்றால் எஞ்சின் எங்கே போகும்? பெரிய டயருக்குப் பல் கூடுதலான கிரவுன் வேண்டும். துரையின் புது ஜீப்பை ஆயில் மாற்றத் திறந்தபோது ஆறுச்சாமி எண்ணிப் பார்த்தார். எட்டுக்கு நாற்பத்து மூன்று.

நல்லதம்பிக்கு வயிறெரிந்தது. துரையின் ஜீப் மூணாறுக்குத் தார் ரோட்டில் போய்வருவதோடு சரி. ஏற்றம் ஏறுகிற பல் அதற்குள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வண்டி அச்சையும் அப்படியே கழட்டி மாத்திப் போட்டாப் போதுமுங்க தம்பி," என்றார் ஆறுச்சாமி. "தொரை வண்டி தார் ரோட்டுல இன்னும் வெரசலாவே போகும். ஆனா முன்னாடி அச்சு, பின்னாடி அச்சு ரெண்டையும் மாத்தோணுமுங்க. ஒண்ணை மட்டும் மாத்துனா நாலு சக்கரமும் இழுக்கறப்ப ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி உள்ள இருக்கறதெல்லாம் ஒடஞ்சு போயிருமுங்க."

இதைத் துரையிடம் நீங்கள் சொல்லுங்கள் என்றான் நல்லதம்பி. ஆறுச்சாமி கைத்துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரைத் திரும்பத் துடைத்தார். பிழைக்க வந்த இடத்தில் எதற்கு வம்பு என்பது அவர் கட்சி. நல்லதம்பி தானே போய்ச் சொன்னான். என் ஜீப்பின் அச்சைக் கழற்றி உனக்குக் கொடுக்க வேண்டுமா என்று துரை கேட்டார். மறுநாள் அந்தத் தாள் டைப் ஆகி வந்தது.

செவ்வாய்க்கிழமை ஜீப்பைக் கழுவிவிட்டு, ஷெட்டின் சாய்தளத்தில் பின்பக்கமாக ஏற்றிக்கொண்டிருந்தான். எஞ்சின் முனகாமல் ஏறியது. அவன் காலைப் பிரேக்கில் வைத்து அப்படியே நிறுத்தினான். ரிவர்ஸ் கியர் முதல் கியரைவிட மெதுவானது, இழுவையிலும் அதைவிடப் பெரியது. ஸ்டியரிங் பிடித்தவன் எவனுக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் மூன்று மைல் மலையைப் பின்பக்கமாக ஏற எந்தக் கிறுக்கன் நினைப்பான்? நல்லதம்பி நினைத்தான். நினைத்ததும் நாலைந்து நாளாக வராத சிரிப்பு வந்தது.

புதன்கிழமை காலை ஆளெண்ணும் மஸ்டர் முடிந்ததும் யாரையும் கேட்காமல் ஆறு மூட்டை அரிசியை ஏற்றினான். இன்பமேரியிடம், பயமாக இருந்தால் நடந்தே வந்துவிடு தாயி என்றான். அவள் மருந்துப் பெட்டியோடு பின்னால் ஏறி, மேட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு முன்னால போறது நாந்தாண்ணே. பள்ளம் வந்தா நான் சொல்லுதேன், நீங்க ஒடிங்க," என்றாள்.

ஜீப் பின்பக்கமாக மலையேறத் தொடங்கியது. நல்லதம்பி கழுத்தைத் திருப்பி, ஒரு கையால் சீட்டைப் பிடித்து, இன்பமேரி இடது என்றால் இடதும் வலது என்றால் வலதுமாக ஒடித்தான். பாதையோரம் கொழுந்து பறித்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரித்தவர்களும் ஜீப்புக்குப் பின்னாலேயே நடந்தார்கள். முதல் வளைவு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் எஞ்சின் குரல் இறங்கியது. நல்லதம்பியின் நெஞ்சும் இறங்கியது. பிறகு ஜீப் ஒரே சீராக மேட்டில் ஏறி, வளைவுக்கு மேலே சமதரையில் போய் நின்றது. பெண்களிடமிருந்து எழுந்த சத்தம் ஃபேக்டரி வரை கேட்டிருக்கும்.

கேட்டதோ, யாராவது ஓடிப்போய்ச் சொன்னார்களோ, துரை வந்துவிட்டார். எப்படியும் உருண்டு கிடக்கும், தூக்க ஆள் வேண்டும் என்று ஆறுச்சாமியையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய ஜீப் இரண்டாம் வளைவில் வயிறு தட்டி நின்றுவிட, மீதியைச் சேற்றில் நடந்து வந்தார்.

இது சர்க்கஸ் வேலை என்றார் துரை. நேராக ஓட்டத் தெரியாதவன் இப்படித்தான் வித்தை காட்டுவான் என்றார். ஜீப்பை வளைவுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு, அரிசி மூட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் அவரே உட்கார்ந்தார்.

துரைக்கு ஓட்டத் தெரியாது என்று நல்லதம்பி ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் நன்றாகவே ஓட்டினார். கியர் போட்டது சரி, கிளட்ச் விட்டது சரி. மூன்றாம் வளைவில் எஞ்சின் விக்கியது. இன்னொரு முறை விக்கி நின்றது. துரை பிரேக்கை மிதித்தார். ஜீப் வழுக்கிக்கொண்டே பின்னால் வந்து, தேயிலைக்குள் போய் உட்கார்ந்தது.

தூறல் போட ஆரம்பித்தது. நல்லதம்பி செடிகளுக்குள் இறங்கிப் போய், ஒடிந்ததை ஒவ்வொன்றாக எண்ணினான். வேண்டுமென்றேதான் மெதுவாக எண்ணினான். இத்தனை நாள் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததை அவன் எதற்கு அவசரமாக விழுங்க வேண்டும்?

"பதினாலு," என்றான். பையிலிருந்த தாளை எடுத்துத் துரையிடம் நீட்டினான். "எண்ணிக்கையையும் பேரையும் மட்டும் மாத்தினாப் போதும்யா, மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு. இல்லன்னா அச்ச மாத்துங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

துரையின் முகம் சிவந்தது. தாளை வாங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் இருந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்பமேரி, பெண்கள், எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் ஆறுச்சாமி பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

ஆறுச்சாமி நல்லதம்பியை ஒரு முறை பார்த்தார். பிறகு, பின்னால் நின்ற பெண்களுக்கும் கேட்கும்படி வாய்விட்டே சொன்னார்.

"ரெண்டு நாளுங்க தொரை. உங்க வண்டி அச்சு முன்னாடிதும் வேணுமுங்க, பின்னாடிதும் வேணுமுங்க."

துரை தலையை ஆட்டினார். நல்லதம்பி கையெழுத்தில்லாத தாளை அவர் மடியில் வைத்துவிட்டு, ஸ்டியரிங் பக்கமாக வந்து நின்றான்.

"எறங்குங்கய்யா," என்றான். "அரிசி நனையுது."

துரை இறங்கினார்.