கழித்த சக்கரங்கள்

சக்கரத்தின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்த வசந்தகுமாரின் கட்டைவிரல், காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. அந்த இடத்தில் மட்டும் வெள்ளிப் பெயின்ட் கொஞ்சம் தடிமனாக இருந்தது. நகத்தால் சுரண்டினார். பெயின்ட் உரிந்து, பட்டி வைத்து நிரப்பிய மூன்று சின்னக் குழிகள் தெரிந்தன. மேலே ஒன்று, கீழே இரண்டு. அவருக்கு முதலில் கோபம் வரவில்லை. தொலைந்துபோன தன் சட்டையை வேறு ஒருவன் போட்டுக்கொண்டு போவதைத் தெருவில் பார்த்தவர் போல நின்றார். அந்தக் குழிகளைக் குத்தியவர் அவர்தான்.

மராத்திக்காரர்கள் ஊரான போசரியில், காருக்கு அலாய் சக்கரம் வார்க்கும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடமாக அவர் இன்ஸ்பெக்டர். பெயர்தான் பெரிது. கடைந்து வரும் சக்கரத்தை இரண்டு பக்கமும் ரப்பர் தட்டால் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, உள்ளே காற்றை ஏற்றிப் பார்ப்பதுதான் வேலை. வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் குமிழ் வரும். குமிழ் வந்தால் அது கழிசல். திரும்ப உலைக்குப் போய் உருக வேண்டியது. மற்ற ஷிப்ட்காரர்கள் கழிசலில் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். பெயின்டை யாரும் துடைத்துவிடலாம் என்று வசந்தகுமார் மட்டும் ஆணி போன்ற உளியால் மூன்று குத்து குத்துவார். அதற்காக அவரைக் கேலி செய்யாதவர்கள் அந்த ஷெட்டில் இல்லை.

அன்று வியாழக்கிழமை, அவருக்கு வார விடுமுறை. அவரும் மனைவி தமிழரசியும் நானா பேட்டையில் இருந்த அந்தச் சக்கரக் கடைக்கு வந்ததற்குப் பின்னால் இரண்டு மாத வாக்குவாதம் இருந்தது. வெளியே நின்ற அவர்களுடைய மாருதி 800-க்கு வயது பதினைந்து. இரண்டாம் கையாக வாங்கியது. இரும்பு ரிம்கள் நான்கும் துருவேறி, டயர் உட்காரும் விளிம்பு அரித்துப் போய்விட்டது. பஞ்சர் கடைக்காரரே, இனி என்னிடம் வராதே, ரிம்மை மாற்று என்று சொல்லிவிட்டார். பழைய இரும்புக் கடையில் நாலு ரிம் எடுத்துப் போட்டால் போதும், இந்தக் கிழட்டு வண்டிக்கு அதற்குமேல் செலவழிப்பது வீண் என்பது வசந்தகுமாரின் கட்சி. தமிழரசி ஒப்புக்கொள்ளவில்லை. மே மாதம் குடியாத்தத்தில் அவளுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சொந்த வண்டியில் போய் இறங்கப்போகிறாள். பால்வாடியில் ஆயா வேலை பார்த்துக்கொண்டு, தையலும் தைத்து, சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அவளுடையது. "ஊரான் வண்டிக்கெல்லாம் தட்டித் தட்டிப் பாத்து அனுப்பற. நம்ம வண்டிக்கு ஒண்ணு மாட்டினா இன்னா தேஞ்சா பூடும்?" என்று கேட்டிருந்தாள்.

"இது நல்லா கீது பாரு. பூ மாதிரி." தமிழரசி அதே அடுக்கிலிருந்து இன்னொரு சக்கரத்தை எடுத்து, குழந்தையைப் போல மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கீழ வை."

"இன்னாத்துக்கு?"

"கீழ வைன்றேன் இல்ல."

அவர் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினார். ஆறு சக்கரம் பார்த்தார். நான்கில் அந்த மூன்று குழிகள் இருந்தன. கடைக்காரரிடம் இந்தியில், இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். "கம்பெனி மால், காகா. போசரி. ஏக்தம் ஒரிஜினல்" என்றார் கடைக்காரர் பெருமையாக. போசரி கம்பெனிச் சரக்கு பெரியவரே, சுத்த அசல். வசந்தகுமார், இது காற்று நிற்காத கழிசல், பள்ளத்தில் விழுந்தால் பிளந்துவிடும், கழித்தவனே நான்தான் என்று சொன்னதும் அந்தப் பெருமை மறைந்தது. விலையைக் குறைப்பதற்கு எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன், இது புதுசாக இருக்கிறது என்றார் கடைக்காரர். பிறகு சக்கரத்தை வாங்கி அடுக்கில் வைத்து, உரிந்த பெயின்டைக் கட்டைவிரலால் அழுத்தி மூடப் பார்த்தார்.

கடை வாசலில் ஒரு ஜென் காரை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார்கள். அதே பூப்போட்ட சக்கரம் மூன்று மாட்டியாகிவிட்டது, நான்காவதை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனி அட்டை தொங்கிய இளைஞன் ஒருவன் செல்போனில் பேசியபடி நின்றான். அவன் மனைவி நடைபாதையில் ஒரு பெண்குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். வசந்தகுமார் நேராக அவனிடம் போனார். தம்பி, இதை மாட்டாதே, இது தேறாத சரக்கு என்றார். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவரைப் பார்த்தான், அவருக்குப் பின்னால் நின்ற வெளுத்த மாருதியைப் பார்த்தான், சிரித்தான். "காகா, ஆப்கா பஜட் நஹீ பைட்தா தோ தூஸ்ரா துகான் தேக்லோ" என்றான். உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வசந்தகுமார் குனிந்து சக்கரத்தின் உட்பக்கத்தைக் காட்டப் போனார். மாட்டிக்கொண்டிருந்தவன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினான். பலமான தள்ளு இல்லை. ஆனால் அவர் தரையில் கையூன்றித்தான் எழுந்திருக்க வேண்டியிருந்தது.

ஜென் கிளம்பிப் போனது. பின்கண்ணாடியில் குழந்தையின் முகம் தெரிந்தது. தமிழரசி அவர் வேட்டியில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்தாள். நிக்டிக்கு வந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "நாளைக்குப் போய் கேளு."

கேட்டார். குவாலிட்டி மேனேஜர் பாலசுப்ரமணியன் திருச்சிக்காரர். ஷெட்டில் எல்லோரிடமும் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறவர், வசந்தகுமாரிடம் மட்டும், தனியாக இருக்கும்போது, தமிழில் பேசுவார். பொங்கலுக்குத் தமிழரசி கொடுத்தனுப்பும் முறுக்கை டப்பாவோடு வாங்கி வைத்துக்கொள்வார். அந்த ஒட்டுதலை நம்பித்தான் வசந்தகுமார் யூனியனிடம் போகாமல் நேராக அவர் அறைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்லத் தன் குரல் உயர்வதை அவரே கேட்டார். பாலசுப்ரமணியன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அந்த ஒரு செய்கையிலேயே வசந்தகுமாருக்குப் பாதி புரிந்துவிட்டது. அந்த மனிதர் ஆச்சரியப்படவே இல்லை. எந்தக் கடை என்று மட்டும்தான் கேட்டார்.

"வசந்தகுமார், இது புது வண்டிக்குக் கார் கம்பெனி வாங்கற சக்கரம் இல்ல. அதுல ஒண்ணு தப்பினாலும் நான் வேலைய விட்டுப் போயிடுவேன். இது வெளி மார்க்கெட்டு. பழைய வண்டிக்காரன் ஆசைக்கு மாட்டிக்கறது. ஊருக்குள்ள முப்பது நாப்பதுல போற வண்டி. ஒரு குமிழ் வந்தா என்ன? வாரம் ஒரு தடவ காத்து அடிச்சுக்குவான்."

"பழைய வண்டியில போறவனும் ஆளுதான சார்?"

பாலசுப்ரமணியன் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார். இதெல்லாம் என் மட்டத்தில் முடிவான விஷயம் இல்லை என்றார். கழிசலைத் திரும்ப உருக்க உலைக்கு ஆகும் கரண்ட் செலவைப் பற்றிச் சொன்னார். பிறகு குரல் மாறியது. "உங்களதும் பழைய மாருதிதானே? சொந்தக் கம்பெனில இருந்துக்கிட்டு நானா பேட்ல போய் ஏன் அலையணும்? ஸ்டோர்ஸ்ல சொல்றேன். நல்ல செட்டா எடுத்துக்குங்க. நீங்களே தொட்டியில போட்டுப் பாத்து எடுத்துக்குங்க. பைசா வேண்டாம்."

வசந்தகுமார் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று ஷிப்ட் முடியும்போது நான்கு புதுச் சக்கரங்கள் அவருடைய தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. கைப்பழக்கத்தில் அவற்றை ஒவ்வொன்றாக முக்கினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு குமிழ் இல்லை. அவர் கையில் அத்தனை சுத்தமான வார்ப்பு வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஸ்டோர்ஸ் ஆட்கள் வந்து அவற்றை அவர் காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். கேட்டில் செக்யூரிட்டி வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் சலாம் வைத்தான். நிக்டி போகும் வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முதல் சிக்னல் வரைக்கும் அவர், இது எனக்கு வரவேண்டியதுதான், பன்னிரண்டு வருட உழைப்பு என்று நினைத்தார். இரண்டாவது சிக்னலில் அந்த நினைப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு ரேடியோவைப் போட்டுக்கொண்டார்.

தமிழரசி காரின் பின்கதவைத் திறந்து ஒரு சக்கரத்தின்மேல் கையை வைத்தாள். அவள் விரல்கள் அதன் வளைவுகளை ஒருமுறை சுற்றி வந்தன. அவளுக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க அவளால் முடியவில்லை.

"காசு குடுத்தியா?"

"இல்ல."

"கேக்கப் போன ஆளு, வாங்கிக்கினு வந்துட்ட."

"நான் வாணாம்னு சொல்றதுக்குள்ள ஏத்திட்டானுங்க."

"வாயில இன்னா கொழுக்கட்டையா?" அவள் கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் கேட்டாள். "பன்னண்டு வருசமா குத்திக் குத்திப் போட்டியே, அதெல்லாம் எங்க போவுதுன்னு ஒருநா கூட பாக்கலையா நீ?"

பார்த்திருந்தார். அதுதான் விஷயம். உலை ஷெட்டுக்கு மேற்கே இருந்தது. கழிசல் தொட்டியைக் காலி செய்ய ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணிக்கு ஒரு டெம்போ வரும். அது கிழக்கே கேட்டைப் பார்த்துப் போகும். வெளியே எங்கோ கான்ட்ராக்ட் உலை இருக்கிறது போல என்று ஒருநாள் நினைத்துக்கொண்டார். அப்புறம் நினைக்கவும் இல்லை. டீ நேரத்தில் அந்த டெம்போ ரிவர்ஸ் எடுக்க அவரே இரண்டு மூன்று முறை கை காட்டியிருக்கிறார். கடையில் தன்னைத் தள்ளியவன்மேல் நேற்றும், கதவைச் சாத்தியவர்மேல் இன்றும் மூண்ட கோபம் இப்போது எங்கே போவது என்று தெரியாமல் அவருக்குள்ளேயே முட்டியது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் மூன்று குத்து குத்திவிட்டால் தன் வேலை முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து சோறு தின்றிருக்கிறார்.

"நான் ரயில்ல போயிக்கிறேன் குடியாத்தத்துக்கு" என்றாள் தமிழரசி. "இதுல ஏற மாட்டேன். நீ ஒரு ஆளா வேணா ஓட்டிக்கினு வா."

மறுநாள் சனிக்கிழமை. சக்கரங்களைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோர்ஸுக்குப் போனார். வெளியே போனதற்கே ரசீது இல்லை, உள்ளே எப்படி எழுதிக்கொள்வது என்று அங்கே கையை விரித்தார்கள். வசந்தகுமார் நான்கையும் இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு போய், பாலசுப்ரமணியன் அறையின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். உள்ளே மீட்டிங். நாலைந்து தலைகள் திரும்பிப் பார்த்தன. அவர் நிற்கவில்லை. மெயின்டனன்ஸ் அறைக்குப் போய், பத்து கிலோ சம்மட்டியைக் கேட்டு வாங்கினார். எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு டெம்போ வந்து பின்பலகையைத் திறந்து நின்றபோது வசந்தகுமார் கழிசல் தொட்டியிலிருந்து முதல் சக்கரத்தை எடுத்து சிமென்ட் தரையில் படுக்க வைத்திருந்தார். முதல் அடியில் சம்மட்டி எகிறித் திரும்பியது. கோயில் மணி போல ஒரு சத்தம் ஷெட் முழுக்கப் பரவியது. இரண்டாவது அடியில் ஒரு ஆரக்கால் பிளந்தது. பிளந்த இடத்தில் அலுமினியம் ஊறிய ரஸ்க்கைப் போலத் துளைத்துளையாக இருந்தது. இதை மாட்டிக்கொண்டுதான் அந்தக் குழந்தை போகிறது. மூன்றாவது அடி வேறு மாதிரி விழுந்தது.

லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள். டெம்போக்காரர் பீடி பற்ற வைத்துக்கொண்டு, இது எவ்வளவு நேரம் ஆகும் என்று பொதுவாக யாரையோ கேட்டார். ஆறாவது சக்கரத்துக்கு வரும்போது பாலசுப்ரமணியன் படியிறங்கி ஓடி வந்தார். "என்ன பண்றீங்க வசந்தகுமார்? என்ன இது?" என்று தமிழிலேயே கத்தினார். எல்லோருக்கும் முன்னால் அவர் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

வசந்தகுமார் மூச்சு வாங்கியபடி சுவரைக் காட்டினார். அங்கே மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பலகை மாட்டியிருந்தது. கழித்த பொருளை உடைத்த பிறகே வெளியேற்ற வேண்டும். கீழே குவாலிட்டி மேனேஜரின் கையெழுத்து.

"ரூல் சார்" என்றார்.

"சம்மட்டிய கீழ போடுங்க. இன்னைக்கு இதோட உங்க வேலை போயிடும், தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினார். இன்னும் எழுபது எண்பது சக்கரம் கழிசல் தொட்டியில் இருந்தது. தோள் இப்போதே வலித்தது. ஐம்பத்தொரு வயது. அடுத்ததை எடுத்துப் படுக்க வைக்கப் பொறுமையில்லாமல் நிமிர்த்தியே வைத்து ஓங்கி அடித்தார். அடி விளிம்பில் விழுந்தது. சக்கரம் உடையவில்லை. துள்ளி எழுந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு உருண்டது. ஷெட் வாசல் சரிவில் இறங்கி வேகம் பிடித்தது. டெம்போவைத் தாண்டியது. வெயிலில் பளபளத்துக்கொண்டு நேராகக் கேட்டை நோக்கிப் போனது. செக்யூரிட்டி என்ன செய்வதென்று தெரியாமல் காலைத் தூக்கி அதற்கு வழி விட்டான்.

வசந்தகுமார் சம்மட்டியோடு பின்னால் ஓடினார். யாரோ சிரித்தார்கள், யாரோ "பிடி, பிடி" என்றார்கள். சக்கரம் கேட்டைக் கடந்து ரோட்டில் ஏறியது. இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று நீளமாக ஹார்ன் அடித்து, உடல் குலுங்க நின்றது. அதன் மூக்குக்கு முன்னால், இரண்டு கையாலும் சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவர் போய்க்கொண்டிருந்தார். சக்கரம் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.