லைசென்ஸ் போக மீதி நாலு பேர்

அலுவலகத்தில் அவரைப் பிழை மாமா என்பார்கள். யார் வரைந்த சர்க்யூட்டானாலும் எங்காவது ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிடுவார், பெயர் ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷம், அந்தச் சின்னக் கம்பெனியின் எண்பது பேர், ஒரே ஒரு ப்ராசஸர் சிப். அதைப் பார்த்து, சிப் தொழிலில் மலை மாதிரி நின்ற பெரிய கம்பெனிக்கே உள்ளூர உதறல்.

உதறல் எடுத்தவர்கள் சண்டைக்கு வரவில்லை. ஒப்பந்தத்தோடு வந்தார்கள். "கம்பெனிய வாங்கல, லைசென்ஸ் மட்டும்தான்" என்றார்கள். டிசைனைப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு. முதலாளியையும் சேர்த்து எழுபத்தாறு பேருக்கு அங்கே வேலை. கம்பெனி பேருக்காவது உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்கு நாலு பேர். அந்த நாலில் மாமாவும் ஒருவர். தன்னை ஏன் விட்டுப் போனார்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ஒரே வாரத்தில் மாடி காலி. ஏசி மட்டும் எண்பது பேருக்குமாகக் குளிர்ந்தது. மாமா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வாரம் பெரிய கம்பெனியிலிருந்து போன். பேசியவள் பழைய பக்கத்து மேஜைக்காரி. பதினோரு வருஷமும் அவரோடு சண்டையும் சமாதானமுமாக இருந்தவள்.

"சார், ஒரு சந்தேகம். எங்க வக்கீலும் லைன்ல இருக்காரு."

சாரா! மாமாவுக்குச் சுருக்கென்றது.

"மெமரியிலேர்ந்து டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடி சிப் ஒரு கிளாக் துடிப்பு நேரம் சும்மா காத்திருக்கே, ஏன் சார்? அதை எடுத்துட்டா வேகம் கூடுமே?"

"எடுத்துடாதேம்மா... எடுத்துடாதீங்க. சூடு ஏறினா பழைய டேட்டாவையே புதுசுன்னு நம்பிடும். அதைத் தேடி நாலு மாசம் அலைஞ்சேனே, நீகூடக் கிண்டல் பண்ணுவியே..."

"பதில் மட்டும் போதும்" என்றார் வக்கீல்.

நாற்பது நிமிஷக் கேள்விகள். ஒன்று விடாமல் பதில் சொன்னார். "எல்லாம் கிடைச்சிடுச்சு. நன்றி சார்." அத்தோடு சரி.

சனிக்கிழமை மாமாவே அவளைப் போனில் கூப்பிட்டார்.

"மாமா! வேலையைப் பத்திப் பேசக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"வேலையை யாரு பேசப் போறா? சும்மாதான். சௌக்கியமா?"

"சௌக்கியம் மாமா. நீங்க?"

"இருக்கேன்."

அடுத்து என்ன கேட்பது என்று அவர் தேடினார். அவளும்தான். இத்தனை வருஷத்தில் அந்த சிப்பைத் தவிர வேறு எதையுமே பேசியதில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவளுக்கு அண்ணன் தம்பி உண்டா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

"அங்க மழை வருமா?" என்று கேட்டுவைத்தார்.

"வர்ற மாதிரிதான் இருக்கு. சரி மாமா, குழந்தை எழுந்துட்டா."

குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மதியம் மாடியின் மறுகோடிக்கு நடந்தார். நாலு பேரில் இன்னொருவரான அலுவலக நிர்வாகி அம்மா அங்கே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உட்காரலாமா?"

அந்த அம்மா நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"ஒம்பது வருஷமா ஒரே மாடியில குப்பை கொட்டறோம். இப்பதான் கேக்கத் தோணிச்சா?" என்றவர், சிரித்துவிட்டார். "ரெண்டு பொண்ணு. பெரியவ இருக்காளே, வாயாடின்னா வாயாடி..."

மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.